அரியணை போன பிறகு மண்டபம் என்ன சொல்கிறது?

தில்லி செங்கோட்டைக்குள் திவான்-இ-காஸ் என்றொரு பளிங்கு மண்டபம் இருக்கிறது. முகலாயப் பேரரசர்கள் அமைச்சர்களையும் பிரபுக்களையும் வெளிநாட்டுத் தூதர்களையும் தனித்துச் சந்தித்த இடம். தூண்களில் வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த பூவேலை ஓரளவு மிச்சம் இருக்கிறது. நடுவில் ஒரு பளிங்கு மேடை, அதன்மேல் ஒன்றுமில்லை. மண்டபத்தின் ஊடாக ஓடிய ‘நஹ்ர்-இ-பிஹிஷ்த்’, அதாவது சொர்க்கத்தின் ஓடை, வறண்டு கிடக்கிறது. மேலே இருந்த வெள்ளிக் கூரை எப்போதோ போய்விட்டது. போகாமல் நிற்பது வளைவுகளுக்கு மேல் எழுதிய பாரசீக வரிகள்: பூமியில் சொர்க்கம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், இதுதான், இதுதான்.

கதைகளிலும் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் ஆட்சி கவிழ்ந்ததைக் காட்ட அடிக்கடி கையாளப்படுவது காலியான அறைதான். ராஜா இல்லாத சபை, பெயர்த்தெடுத்த அரியணை, திரைச்சீலை கழற்றிய சன்னல். இதைக் ‘குறியீடு’ என்று விமர்சகர்கள் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தன்மேல் சுமந்து நிற்பதுதான் குறியீடு. ஆனால் ஒரு காலி அறை எப்படி அதிகாரத்தின் வீழ்ச்சியைச் சுமக்கிறது, அதைவிடக் கடினமாக, துரோகத்தை எப்படிச் சுமக்கிறது என்பதைப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு யாரும் நிதானமாக விளக்குவதில்லை. எனக்குத் தெரிந்தவரை இதை விளக்க திவான்-இ-காஸைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரே மண்டபம், சுமார் 120 ஆண்டுகளில் பலமுறை காலியாக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் வேறு கை, வேறு காரணம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் மண்டபம் காலியாகத்தான் கிடக்கிறது. வாழைமரம் சாய்ந்திருக்கும், நாற்காலிகளை அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்து யாருக்கும் நெஞ்சு அடைப்பதில்லை, ஏனென்றால் வந்தவர்கள் நிறைவோடு தாங்களாகவே போனார்கள். காலியான அறை எல்லாம் குறியீடு ஆகிவிடாது. அங்கே இருந்த ஒன்றை இன்னொருவர் எடுத்துப் போயிருக்க வேண்டும். எடுத்த இடத்தில் தழும்பும் இருக்க வேண்டும். தழும்பு இல்லையென்றால் அங்கே என்ன இருந்தது என்றே பார்ப்பவருக்குத் தெரியாது. திவான்-இ-காஸில் அந்தத் தழும்பு நடுவிலுள்ள பளிங்கு மேடைதான்.

அடுத்து வரும் கேள்வி: ராஜாவின் அதிகாரத்தைச் சொல்ல அவருடைய படை இருக்கிறது, கருவூலம் இருக்கிறது, நிலம் இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு ஏன் ஓர் அறை? முடியாட்சியில் அதிகாரம் கண்ணுக்குத் தெரிவது அந்த அறையில்தான். முகலாய தர்பாரில் யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், யார் கையைக் கட்டியிருக்க வேண்டும், யார் எந்தக் கம்பி வேலிக்கு உள்ளே வரலாம் என்பதெல்லாம் திட்டமாக வகுக்கப்பட்டிருந்தது. வந்தவர் ‘நஸர்’ என்ற காணிக்கையை வைப்பார், பேரரசர் ‘கிலத்’ என்ற மரியாதை அங்கியைத் தருவார். அந்த அங்கியை வாங்கிக்கொண்டவர் இவருக்குக் கீழ்ப்பட்டவர் என்பதை ஊரே ஏற்கும். ஆக, அறையின் ஒழுங்குமுறைதான் அரசின் ஒழுங்குமுறை. அதைக் குலைத்தால் அரசே குலைந்துவிட்டதாக மக்கள் புரிந்துகொள்வார்கள்.

இதற்கு மறுபக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. 1765 ஆகஸ்டில் அலகாபாத்தில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா மாகாணங்களின் திவானி உரிமையை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். அந்த நிகழ்ச்சியை பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியர் பின்னாளில் பிரம்மாண்டமான தர்பாராக வரைந்தார். உண்மையில் அது கம்பெனியின் வங்காள ஆளுநர் ராபர்ட் கிளைவின் கூடாரத்தில் நடந்தது. சாப்பாட்டு மேசைமேல் ஒரு கைவைத்த நாற்காலியைத் தூக்கி வைத்து, துணி போர்த்தி, அதையே அரியணை ஆக்கினார்கள் என்று குறித்திருக்கிறார்கள். மன்னரிடமிருந்து ராஜ்யத்தைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொள்பவர்களுக்கும் அந்த நேரத்தில் ஓர் அரியணை தேவைப்பட்டது. அரியணையில் உட்கார்ந்தவர் கொடுத்தால்தானே அது ‘கொடுத்தது’ ஆகும்?

இனி மண்டபத்துக்கு வருவோம்.

ஷாஜகான் இந்தக் கோட்டையை 1639-இல் கட்டத் தொடங்கினார், 1648-இல் வேலை முடிந்தது. புகழ்பெற்ற மயிலாசனம் அதற்கும் முந்தியது. ஏழு ஆண்டு உழைப்பில் உருவாகி 1635-இல் ஆக்ராவில் அரங்கேறி, பிறகு தில்லி வந்தது. 1739 பிப்ரவரியில் கர்னாலில் பாரசீக மன்னர் நாதிர் ஷா முகலாயப் படையைத் தோற்கடித்தார். மார்ச்சில் தில்லிக்குள் நுழைந்தார், நகரில் பெரும் படுகொலை நடந்தது. மே மாதம் திரும்பிப் போகையில் மயிலாசனமும் அவரோடு போயிற்று.

இதை வெளியிலிருந்து வந்த எதிரி செய்த கொள்ளை என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். கர்னாலில் தோற்றபின் சில லட்சங்களை வாங்கிக்கொண்டு திரும்பிப் போக நாதிர் ஷா இணங்கியிருந்தார். பேசி முடித்தவர் முகலாயப் பிரபு நிஜாம்-உல்-முல்க். அதற்குப் பரிசாக நிஜாமுக்கு உயர்பதவி கிடைத்தது. அந்தப் பதவிமேல் கண் வைத்திருந்தவர், போரில் சிறைப்பட்டு நாதிர் ஷாவின் முகாமில் இருந்த அவத் ஆளுநர் சாதத் கான். ஆத்திரத்தில் அவர், தில்லிக்கே வந்தால் கோடிக்கணக்கில் அள்ளலாம் என்று நாதிர் ஷாவின் காதில் போட்டார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கஜானாவில் என்ன இருக்கிறது என்று அந்நியனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். துரோகத்தைக் காட்ட அறையைவிடப் பொருத்தமான குறியீடு இல்லாததற்குக் காரணம் இதுதான். போர்க்களத்தில் எதிரி வெல்லலாம். அறையைக் காலி செய்ய, எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று அறிந்த ஆள் வேண்டும்.

1760-இல் வெள்ளிக் கூரை போனது. ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியை எதிர்க்க வந்த மராட்டியத் தளபதி சதாசிவராவ் பாவு தில்லியைப் பிடித்தார். படைக்குச் சம்பளம் தரப் பணமில்லை. கூரையின் வெள்ளியைப் பெயர்த்து உருக்கி நாணயமாக அடித்தார்கள். கூட்டாளியாக இருந்த ஜாட் அரசர் சூரஜ்மல் இதைக் கடுமையாக எதிர்த்ததாகச் சொல்வார்கள். 1761 ஜனவரியில் பானிபட்டில் அந்தப் படையே அழிந்தது. இதில் துரோகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. முடை, அவ்வளவுதான். எல்லாக் காலியாக்கலுக்கும் ஒரே அர்த்தத்தை ஏற்றக்கூடாது என்பதற்காக இதையும் இங்கே சொல்கிறேன்.

1788-இல் நடந்ததுதான் இந்த மண்டபத்தின் மிகக் கொடிய அத்தியாயம். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அப்போது பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வயது அறுபது. ‘ஷா ஆலமின் சாம்ராஜ்யம் தில்லியிலிருந்து பாலம் வரை’ என்று ஊரார் சொல்லும் அளவுக்கு ஆட்சி சுருங்கியிருந்தது. பாலம் என்பது இன்றைக்கு விமான நிலையம் இருக்கும் பக்கம். குலாம் காதிர் என்ற ரோகில்லாத் தலைவர் (ரோகில்லாக்கள் ஆப்கானிய வழிவந்தவர்கள்) படையோடு வந்தார். இவர் சிறுவனாக இருந்தபோது முகலாயப் படை இவர் குடும்பத்தின் கோட்டையை அழித்திருந்தது. அதன்பின் தில்லியில் பேரரசரின் பாதுகாப்பில் சில காலம் வளர்ந்தார் என்றும், பேரரசர் இவரை மகனே என்று அழைப்பார் என்றும் குறிப்புகள் உண்டு. அன்பும் பகையும் ஒரே பாத்திரத்தில் ஊறிய உறவு.

கோட்டைக்குள் இவரை வரவிட்டவர் மன்சூர் அலி கான். அரண்மனையின் ‘நாஜிர்’, அதாவது உள்ளரண்மனை நிர்வாகத்தையே கையில் வைத்திருந்தவர். நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள், தீங்கு நேராது என்று பேரரசரை நம்ப வைத்தார். குலாம் காதிர் குர்ஆன்மேல் சத்தியமும் செய்தார். ஜூலை முடிவதற்குள் பேரரசர் பதவி இழந்து, பீதர் பக்த் என்ற இளவரசர் பொம்மையாக அமர்த்தப்பட்டார்.

பிறகு தேடல் தொடங்கியது. எங்கோ புதையல் இருக்கிறது என்று குலாம் காதிர் உறுதியாக நம்பினார். தரைகளைத் தோண்டினார்கள், கூரைகளைப் பிரித்தார்கள், சுவர்களை இடித்துப் பார்த்தார்கள். அந்தப்புரப் பெண்களிடமிருந்து நகைகளைப் பறித்தார்கள். அரச குடும்பத்துக் குழந்தைகளும் முதியவர்களும் சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 10 அன்று பேரரசரின் கண்கள் பறிக்கப்பட்டன. குலாம் காதிர் தம் கையாலேயே அதைச் செய்தார் என்று எழுதியவர்களும் உண்டு.

குறியீட்டைப் படிக்கப் பழகுபவர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாதிர் ஷா எடுத்துப் போனது கண்ணுக்குத் தெரிந்த செல்வம். குலாம் காதிர் தோண்டியது இருப்பதாக நம்பிய செல்வத்தை. அறை ஏற்கெனவே காலி. காலி என்பதை நம்ப முடியாமல் அறையின் உடம்பையே கிழித்தார்கள், பிறகு அதற்கு உரியவரின் உடம்பையும். தோண்டிய தரையும் குருடாக்கப்பட்ட அரசரும் ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்கின்றன. இந்தக் காட்சியை ஒரு நாடகாசிரியர் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

கதவைத் திறந்த நாஜிருக்கு என்ன கிடைத்தது? குலாம் காதிர் அவரையும் விடவில்லை, பணம் கேட்டுக் கசக்கினார். அக்டோபரில் மகாதஜி சிந்தியாவின் மராட்டியப் படை தில்லியை மீட்டது. நாஜிர் யானையின் காலில் இடப்பட்டார். குலாம் காதிர் பிடிபட்டு 1789 மார்ச்சில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். ஷா ஆலம் மறுபடி பேரரசர் ஆனார், கண் இல்லாமல். ‘ஆஃப்தாப்’ என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர் அவர். அச்சொல்லுக்குச் சூரியன் என்று பொருள். பேரிடரின் புயல் எழுந்து எங்கள் ஆட்சியின் இலைகளைச் சிதறடித்துவிட்டது என்ற கருத்தோடு தொடங்கும் அவருடைய பாரசீகப் புலம்பல், தாம் வளர்த்தவர்களே தம்மை அழித்ததைச் சொல்லிச் சொல்லி அழுகிறது.

1803 செப்டம்பரில் ஆங்கிலத் தளபதி லேக் தில்லியை வென்று இதே கோட்டைக்குள் வந்தபோது, கந்தலான ஒரு சிறிய விதானத்தின் கீழ் பார்வையற்ற அந்த முதியவர் உட்கார்ந்திருந்ததை உடனிருந்தவர்கள் எழுதினார்கள். அந்த விதானத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக் கூரை போனது, மயிலாசனம் போனது. ஆனாலும் தலைக்குமேல் ஒரு விதானம் வேண்டும் என்று யாரோ கட்டியிருக்கிறார்கள். முழுக்கக் காலியான அறையைவிட, கந்தலாக ஒன்று மிச்சமிருக்கும் அறைதான் வீழ்ச்சியைக் கூர்மையாகக் காட்டும் என்று நான் நினைக்கிறேன். எழுதப் பழகுகிறவர்கள் இதை மனத்தில் வைக்கலாம்: எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள், தவறான ஒன்றை விட்டுவையுங்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, 1857 மே மாதம் மீரட்டிலிருந்து சிப்பாய்கள் வந்து ஷா ஆலமின் பேரன் பகதூர் ஷா ஜாபரைத் தலைவராக ஏற்றார்கள். அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கம்பெனி அவருக்குச் செலுத்திவந்த மரியாதைகளை ஒவ்வொன்றாக நிறுத்தியிருந்ததால் தர்பார் என்பதே ஏறத்தாழ மறந்துபோயிருந்தது. நெடுங்காலம் உள்ளே பூட்டி வைத்திருந்த வெள்ளி அரியணையை வெளியே எடுத்து வந்தார்கள். நான்கு மாதம் மண்டபத்தில் மறுபடி ஆட்கள், கூச்சல், ஆணைகள், சம்பளம் கேட்டு வந்த சிப்பாய்கள். செப்டம்பரில் ஆங்கிலப் படை தில்லியைப் பிடித்தது. ஜாபர் ஹுமாயூன் கல்லறையில் தஞ்சம் புகுந்தார். சிப்பாய்களின் தளபதி பக்த் கான் தம்மோடு வந்துவிடும்படி கெஞ்சினார். போக வேண்டாம் என்று தடுத்துச் சரணடைய வைத்தவர் சம்பந்தி மிர்ஸா இலாகி பக்ஷ். அவர் ஏற்கெனவே ஆங்கிலேயரோடு தொடர்பில் இருந்தவர். மறுநாளே ஜாபரின் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் ஹாட்ஸன் என்ற அதிகாரி சுட்டுக் கொன்றார்.

1858 ஜனவரி 27 அன்று ஜாபர் மீது விசாரணை தொடங்கியது. நடந்த இடம் திவான்-இ-காஸ். தர்பார் நடத்திய அதே மண்டபத்தில் அவர் குற்றவாளியாக உட்கார்ந்தார். நோயாளி, பல்லக்கில் தூக்கி வந்தார்கள். நடுநடுவே தூங்கிவிடுவார் என்று பதிவாகியிருக்கிறது. அவருடைய வைத்தியரும் நெருங்கிய ஆலோசகருமான ஹக்கீம் அஹ்சனுல்லா கான் சாட்சி சொன்னார். அவருடைய செயலாளர் முகுந்த் லாலும் சாட்சி சொன்னார். அதே தூண்களுக்கு இடையே இவர் பக்கத்தில் நின்றவர்கள் இப்போது எதிரே நின்றார்கள்.

குற்றச்சாட்டைப் படித்தால் திகைப்பாக இருக்கும். அவர் பிரிட்டிஷ் அரசின் குடிமகன் என்றும், தம் விசுவாசக் கடமையை மறந்து தம்மையே அரசர் என்று அறிவித்துக்கொண்ட துரோகி என்றும் அது சொன்னது. 1765-இல் மேசைமேல் ஏற்றிய நாற்காலியில் உட்கார வைத்து ஷா ஆலமிடம் அதிகாரம் பெற்ற கம்பெனி, தன் நாணயங்களில் பல ஆண்டுகள் அவர் பெயரையே பொறித்த கம்பெனி, அவர் பேரனைத் துரோகி என்றது. சட்டக் கண்ணால் பார்த்தால் யார் யாருக்குக் கீழே? அந்தக் கேள்வியை அந்த மண்டபத்தில் எழுப்ப யாரும் இல்லை. மார்ச் 9 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. அக்டோபரில் நாடு கடத்தினார்கள். 1862 நவம்பர் 7 அன்று ரங்கூனில் இறந்தார்.

இந்தக் குறியீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அறையைக் காலி செய்பவர், துரோகி யார் என்று பெயர் சூட்டும் உரிமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். மயிலாசனம் போனதைவிட இது பெரிய இழப்பு. விசாரணையை வேறு கட்டடத்தில் நடத்தியிருக்கலாம், கோட்டையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. வென்றவர்களுக்கும் அந்த அறையின் பலம் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு கோட்டையின் உள்கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் படைவீரர் குடியிருப்புகள் கட்டினார்கள். திவான்-இ-காஸ் தப்பியது, தன்னைச் சுற்றியிருந்த அரண்மனையில் பெரும்பகுதியை இழந்து.

தில்லியோடு நிறுத்திவிட்டால் பாதிக்கப்பட்ட அரசர் எப்போதும் அப்பாவி என்ற எண்ணம் வந்துவிடும். அது சரியில்லை. கண்டிக்குப் போவோம்.

கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணுசாமி, மதுரை நாயக்கர் வழி உறவில் வந்தவர். 1798-இல் பதினெட்டு வயது வாக்கில் அரியணை ஏறினார். ஏற்றியவர் பிலிமத்தலாவை என்ற முதலமைச்சர். தம் சொல்லுக்கு ஆடும் பொம்மை கிடைத்ததாக நினைத்து, பின்னணியில் ஆங்கிலேயரோடும் பேசிக்கொண்டிருந்தார். இளைஞர் பொம்மையாக இருக்க மறுத்தார், பிலிமத்தலாவை கடைசியில் மரண தண்டனை பெற்றார். அடுத்த முதலமைச்சர் எஹெலபொல. 1814-இல் அவர் கலகத்தில் இறங்கித் தோற்றுக் கொழும்புக்கு, ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். பின்னால் விட்டுப்போன மனைவியையும் குழந்தைகளையும் மன்னர் கொன்றார். அந்தக் கொலைகள் இலங்கையில் இன்றுவரை மறக்கப்படவில்லை, மறக்கப்படவும் கூடாது.

1815 பிப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தபோது எதிர்க்க ஆள் இல்லை. நகரம் வெறிச்சோடிக் கிடந்தது, அரண்மனையும் அப்படியே. படையெடுப்பு நடக்கும்போதே மொல்லிகொட உள்ளிட்ட பிரதானிகள் கட்சி மாறியிருந்தார்கள். பிப்ரவரி 18 அன்று மெதமஹநுவர என்ற ஊர்ப் பக்கத்தில் ஒளிந்திருந்த மன்னரைப் பிடித்தார்கள். பிடித்தவர்களில் எஹெலபொலவின் ஆட்களும் இருந்தார்கள்.

மார்ச் 2 அன்று மகுல் மடுவவில் கூடினார்கள். செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும், பக்கச் சுவர்கள் இல்லாத அரசவை மண்டபம் அது. ஆளுநர் பிரவுன்ரிக் ஒரு பக்கம், பிரதானிகள் ஒரு பக்கம். கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. மன்னரின் கொடுமைகளால் அவர் ஆட்சி உரிமையை இழந்தார், அவர் வம்சத்துக்கு இனி அந்த அரியணைமேல் உரிமை கிடையாது, அவருடைய ஆண் உறவினர்கள் நாட்டின் எதிரிகள் என்றது அது. திவான்-இ-காஸில் பார்த்ததே இங்கும் நடக்கிறது: அரசரின் அறையிலேயே அரசரை எதிரி என்று எழுதுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், கொடுமை என்ற குற்றச்சாட்டில் உண்மையும் இருந்தது. அந்த உண்மையைப் பயன்படுத்தி நாட்டையே கைமாற்றினார்கள். இரண்டையும் ஒருசேரப் பார்க்கத் தெரிய வேண்டும். காலியான அறையைக் கண்டதும் உள்ளே இருந்தவருக்காக உடனே கண்ணீர் விடுவது எளிது, ஆனால் அது வாசிப்பு ஆகாது.

அரியணைக்காகக் காத்திருந்த எஹெலபொலவுக்கு அது கிடைக்கவில்லை. ‘பிரிட்டிஷ் அரசின் நண்பர்’ என்ற பட்டம்தான் கிடைத்தது. தங்களுக்கு எதிராக 1817-18-இல் எழுந்த கிளர்ச்சியின்போது ஆங்கிலேயருக்கே அவர்மேல் சந்தேகம் வந்து பிடித்து வைத்தார்கள். 1825-இல் மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள், 1829-இல் அங்கேயே இறந்தார். உடன்படிக்கையில் ஒப்பமிட்ட கெப்பெட்டிபொல, கிளர்ச்சியை அடக்கப் போய் கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்தார். 1818 நவம்பரில் அவரைத் துரோகி என்று தலை வெட்டினார்கள். இன்றைய இலங்கையில் அவர் தேசிய வீரர்.

மன்னரைக் கப்பலேற்றி வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1806 கலகத்துக்குப் பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை எந்தக் கோட்டையிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார்களோ, அதே கோட்டை. ஓர் அரச குடும்பம் காலி செய்த இடத்துக்கு இன்னோர் அரச குடும்பம் வந்தது. கோட்டைக்குள் கண்டி மஹால் என்ற பெயர் இப்போதும் வழங்குகிறது. 1832 ஜனவரி 30 அன்று அவர் அங்கே இறந்தார், சமாதி பாலாற்றுப் பக்கம் இருக்கிறது. அரியணை இங்கிலாந்துக்குப் போய் விண்ட்சர் மாளிகையில் இருந்தது. 1934-இல் திருப்பித் தந்தார்கள். ஆனால் மகுல் மடுவவுக்கு அல்ல. இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால்.

காலியான அறை காலியாகவே இருந்துவிடுவதும் இல்லை. 1885 நவம்பரில் பர்மாவின் மன்னர் திபாவை ஆங்கிலேயர் மாண்டலே அரண்மனையிலிருந்து வெளியேற்றி, இந்தியாவின் ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். அரண்மனைக்கு டஃபரின் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். ஓர் அரியணைக் கூடத்தைத் தேவாலயம் ஆக்கினார்கள், இன்னொரு பகுதியில் வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப் நடந்தது. வைஸ்ராய் கர்சன் பார்த்து முகம் சுளித்து, கிளப்பை வெளியேற்ற உத்தரவிட்டார். அந்த அறை என்ன ஆனது என்பதோடு நின்றுவிடாமல், இப்போது அங்கே யார் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு மாண்டலே நல்ல உதாரணம். சீட்டாட்ட மேசை போட்ட சிம்மாசன அறை, வெறும் அறையைவிட அதிகம் பேசும்.

மாண்டலேயின் சிங்காதனம் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போகப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் 1945 மார்ச்சில் அரண்மனை எரிந்து சாம்பலானது, மற்ற அரியணைகள் எல்லாம் அதோடு போயின. கல்கத்தாவில் இருந்ததால் இந்த ஒன்று மட்டும் பிழைத்தது, 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவுக்குத் திரும்பியது. எடுத்துப் போனதால்தானே தப்பியது, அப்படியென்றால் எடுத்தது நல்லதுதானே என்று சிலர் வாதாடுவார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. அந்தப் போர் வரும் என்று கண்டு அதைக் காப்பாற்ற யாரும் எடுத்துப் போகவில்லை. அரசர் இல்லாத நாட்டில் அரியணையும் இருக்கக்கூடாது என்றே எடுத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.